சுராங்கனியும் பண்டிதர் செவியும்

பொப்பிசை ஓர் ஈசல். மாலையிற் பறந்து காலையில் மடிவது என்பது நம் விமரிசகர் சிலரின் துணிபு. இத்துணிபைப் பொய்ப்பிக்க ஒரு பாடலே போதும். ஏ. ஈ. மனோகரன் பாடிப் பரப்பிய ‘சுராங்கனி’ எழுபதுகளில் இலங்கையெங்கும் ஒலித்தது. 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ திரைப்படத்தில், இளையராஜாவின் இசையில், மலேசியா வாசுதேவன் குரலில் தமிழகம் அதனைக் கேட்டது. 2018இல் மனோகரன் சென்னையிற் காலமானார்; பாடல் காலமாகவில்லை. கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் கலியாண வீட்டு இளைஞரும் சுற்றுலா செல்லும் மாணவரும் இன்றும் அதனைக் கைதட்டிப் பாடுகின்றனர்.

இப்பாடல்மீது சுமத்தப்படும் குற்றங்கள் மூன்று. அவற்றுள் ஒன்றேனும் நிலைக்குமா?

பல்லவி சிங்களம், ஆகவே இது தமிழன்று என்பது முதற்குற்றம். 1956ஆம் ஆண்டுச் சட்டம் சிங்களத்தை அதிகாரத்தினாற் புகுத்த முயன்றது. தமிழ் பேசுவோர் எதிர்த்தனர். அதே மொழியின் ஒரு பல்லவியை அவர்கள் விரும்பி ஏற்றனர். வெறுக்கப்பட்டது மொழியன்று, திணிப்பே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

பைலாவின் தாளம் போர்த்துக்கேயர்வழி வந்த அந்நியச் சரக்கு என்பது இரண்டாவது. போர்த்துக்கேயரால் விரட்டப்பட்ட முஸ்லிம்களை 1626இல் கண்டி மன்னன் செனரதன் மட்டக்களப்புப் பகுதியிற் குடியமர்த்தினான் என்பது வரலாறு. விரட்டியவன் விட்டுச்சென்ற தாளத்தை விரட்டப்பட்டோர் வழிவந்தோர் தம் மகிழ்ச்சிக்கு உரியதாக்கியுள்ளனர். இது அடிமைத்தனமன்று, கைப்பற்றுதல்.

பொருளற்ற பாட்டு என்பது மூன்றாவது. காதலிக்கு மீன் கொண்டுவருவது பொருளற்றதெனக் கூறுவோர், கரைவலை இழுப்போரின் வாழ்வை அறியாதோரே. அவர்தம் அம்பாப் பாட்டைப் போலவே இதுவும் ஒருவர் எடுத்துக் கொடுக்கப் பலர் தொடர்வதற்கு ஏற்றது. சில சொற்கள், எளிய மெட்டு, எவரும் சேரத்தக்க பல்லவி: இதன் நீண்ட ஆயுளின் இரகசியம் இதுவே. பாடத் தெரியாதவனையும் இது வெளியே நிறுத்துவதில்லை.

மறுபுறம், இப்பாடலை இன ஒற்றுமையின் சான்றாக மேடைகளிற் காட்டுவோரும் உளர். அவர்களும் கண்டிக்கத்தக்கோரே. 1983 யூலையை எப்பாடலும் தடுக்கவில்லை. ஒரே மொழி பேசும் தமிழரும் முஸ்லிம்களும் 1990இல் இக்கரையிற் பகைத்து நின்றதையும் தடுக்கவில்லை. நீதி செய்யவேண்டிய அரசியலின் சுமையைப் பாட்டின் தலையில் ஏற்றுதல் ஏமாற்றாகும். பாடல் ஒற்றுமையைப் படைக்கவில்லை. அஃது இயலுமென்பதை மறக்கவிடாது காத்தது. அவ்வளவே, அதுவும் சிறிதன்று.

இப்பகுதி முஸ்லிம்களின் கிராமியக் கவிகளும் ஒருகாலத்தில் படிப்பறியாதோர் பிதற்றலென ஒதுக்கப்பட்டவையே. நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றோர் தேடித் தொகுத்த பின்னரே கற்றோர் அவற்றுக்குச் செவிசாய்த்தனர். பொப்பிசைக்கும் அத்தகைய தாமதம் வேண்டுமா? முதன்முதற் பாடியோரும் கேட்டோரும் முதுமையெய்திவிட்டனர். அவர்தம் நினைவுகளை இன்றே பதிவு செய்யாத தமிழ்த்துறைகள், நாளை அவை அழிந்தனவென்று ஆய்வரங்கு கூட்டி வருந்துவதற்கு உரிமையற்றவை.