குறுக்குவழிக்கு முன்னால் இரண்டு வரி

வங்கித் தேர்வுக்குப் படிக்கும் என் பேரனோடு போன வாரம் ஒரு சின்ன வாக்குவாதம். அதைத்தான் இன்று எழுதுகிறேன்.

நம் கடற்கரைக் கிராமங்களில் கிணற்று நீர் கரிப்பது புதிய செய்தி அல்ல. கேன் தண்ணீரும் வாங்குகிறோம், கிணற்று நீரையும் விட மனசில்லை. பேரனிடம் கேட்டேன்: “கிணற்று நீரில் லிட்டருக்கு 1,700 மில்லிகிராம் உப்புகள் கரைந்திருக்கு. கேன் தண்ணீரில் 100. இரண்டையும் கலந்து 20 லிட்டர் வேணும், உப்பு 500க்கு மேல் போகக்கூடாது. எது எவ்வளவு?” 500 என்பது நான் இட்டுக்கட்டிய எண் அல்ல. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஏற்கத்தக்கது என்று சொல்லும் அளவு. வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை போகலாம் என்கிறது.

பையன் ஒரு பெருக்கல் குறி போட்டான். மூலைக்கு ஓர் எண், நடுவில் 500, குறுக்கே கழித்தான். “ஒண்ணுக்கு மூணு தாத்தா. கிணறு 5, கேன் 15.” பத்து விநாடி ஆகவில்லை. விடை சரி. “ஏன்டா குறுக்கே கழிக்கிறே?” என்றேன். “சார் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்.”

எனக்குப் பிரெஞ்சில் கணக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் இந்தப் பதிலுக்கு மதிப்பெண் தரமாட்டார். எந்தக் கணக்கும் ‘சுவா இக்ஸ்’ என்றுதான் தொடங்க வேண்டும். ‘இக்ஸ் என்பது இன்னது என்று வைத்துக்கொள்வோம்’ என்று பொருள். எதைத் தேடுகிறோம் என்று எழுதாமல் பேனா நகரக்கூடாது.

கிணற்று நீர் இக்ஸ் லிட்டர், கேன் நீர் இகிரெக் லிட்டர். முதல் வரி தண்ணீரின் கணக்கு: இக்ஸ் + இகிரெக் = 20. இரண்டாவது வரி உப்பின் கணக்கு: 1,700 இக்ஸ் + 100 இகிரெக் = 20 × 500, அதாவது 10,000. முதல் வரியை 100ஆல் பெருக்கி இரண்டாவதிலிருந்து கழித்தால் 1,600 இக்ஸ் = 8,000. இக்ஸ் 5, இகிரெக் 15. சரிபார்க்க: 8,500 + 1,500 = 10,000. (கிருமிக்கு இந்தக் கணக்கு உதவாது. காய்ச்சித்தான் குடிக்க வேண்டும்.)

விஷயம் இவ்வளவுதான். தண்ணீருக்கு ஒரு வரி, உப்புக்கு ஒரு வரி. பேரன் போட்ட பெருக்கல் குறி இந்த இரண்டு வரிகளின் சுருக்கம்தான்.

இதை நம் உப்பளக்காரர்கள் ஏட்டில் படிக்காமலே அறிவார்கள். மரக்காணத்தில் பாத்தி நீரின் ‘டிகிரி’ பார்க்கிறார்களே, அது அந்துவான் பொமே என்ற பிரெஞ்சு மருந்தாளர் 1768இல் வகுத்த அளவு. சுத்தமான தண்ணீர் 0. எடையில் 15 பங்கு உப்பும் 85 பங்கு தண்ணீரும் சேர்ந்த கரைசல் 15. கடல் நீர் 3 டிகிரி சொச்சம். 25 டிகிரி வாக்கில் உப்பு பூக்கும். நடுவில் ஒரு கோடை மழை பெய்தால் டிகிரி இறங்கிவிடும். உப்பு எங்கும் போகவில்லை, தண்ணீர்தான் கூடியது. ஆனால் பல நாள் வெயில் வீண். முதல் வரி மாறியது, இரண்டாவது வரி மாறவில்லை.

குறுக்குவழி மட்டும் தெரிந்தவன் எங்கே இடறுவான்? கருவாட்டில். எதிர்வீட்டு அக்கா மீன் வாங்கிக் காயவைத்து விற்பவர். அவர் எதிரிலேயே பேரனைக் கேட்டேன்: “100 கிலோ மீனில் 80 சதவீதம் தண்ணீர். காய்ந்தபின் 50 சதவீதம் தண்ணீர். கருவாடு எத்தனை கிலோ? உப்பு சேர்ப்பதை விட்டுவிடு.” உடனே “70” என்றான். எண்பதிலிருந்து ஐம்பது போக முப்பது குறைந்ததாம். அக்கா சிரித்துவிட்டார். “எழுபது கிலோ வந்தா நான் மாடி வீடு கட்டியிருப்பேனே தம்பி!”

தண்ணீர் நீங்கலாக மீனில் இருப்பது 20 கிலோ. அது வெயிலில் போகாது. கருவாட்டில் அது பாதி என்றால் கருவாடு 40 கிலோ. கிலோ 50 ரூபாய்க்கு மீன் வாங்கியிருந்தால் முதல் 5,000. கருவாடு கிலோ 125க்குக் குறைந்தால் நஷ்டம். பேரன் கணக்குப்படி 72 ரூபாய்க்கு விற்றிருந்தால் அக்கா கையில் 2,880தான் வந்திருக்கும்.

இந்த இரண்டு வரி முறை வெள்ளைக்காரன் கொண்டுவந்ததும் அல்ல. 9ஆம் நூற்றாண்டில் கர்நாடகத்துச் சமணர் மகாவீரர் தம் கணித சார சங்கிரகத்தில் எலுமிச்சை இனத்துப் பழத்தையும் விளாம்பழத்தையும் வைத்து இப்படிக் கணக்குப் போட்டிருக்கிறார். முதல் வகையில் 9, விளாம்பழம் 7 சேர்ந்தால் விலை 107. எண்ணிக்கையை மாற்றினால் 101. பழம் ஒன்றின் விலை என்ன? வீட்டில் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். விடை 8, 5.

குறுக்குவழி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தேர்வு அறையில் கடிகாரம் ஓடுகிறது, பாவம் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? ஆனால் அது இரண்டாவதாக வரட்டும். எது மாறியது, எது மாறவில்லை என்று கேட்கத் தெரிந்தவனுக்கே குறுக்குவழி கைகொடுக்கும். தேர்வில் தவறினால் ஒரு மதிப்பெண் போகும். சந்தையில் தவறினால் முதல் போகும்.

பேரன் மறுநாள் நோட்டைக் காட்டினான். முதல் வரி: ‘கருவாடு இக்ஸ் கிலோ என்க.’ எனக்கு அது போதும்.