ஒப்பந்தம் முடியும்போது உறவும் முடிகிறதா?

2025 நவம்பர் 15ஆம் நாள் வெளிவந்த அறிவிப்பு ஒன்று நம் இல்லங்களிலும் பேசப்பட்டது. சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் ரவீந்திர ஜடேஜா ராஜஸ்தான் ராயல்ஸ் அணிக்கு மாற்றப்படுகிறார். சாம் கரனும் உடன் செல்கிறார். அவர்களுக்கு ஈடாக ராஜஸ்தானின் சஞ்சு சாம்சன் சென்னைக்கு வருகிறார் என்பதே அது. 18 கோடி ரூபாயாக இருந்த ஜடேஜாவின் ஊதியம் 14 கோடியாகக் குறைந்தது. சாம்சன் 18 கோடிக்கே வந்தார். 37 வயதை நிறைவு செய்ய மூன்றே வாரங்கள் இருந்த நிலையில், 12 பருவங்கள் மஞ்சள் சட்டையில் ஆடிய ஒருவரின் சென்னை வாழ்வு இவ்வாறு முடிந்தது.

மண்டகப்பட்டைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து மாலை மக்தபுக்கு வரும் பிள்ளைகள் மறுநாள் பாடம் தொடங்குமுன் என்னிடம் கேட்ட கேள்வி: "ஹஜ்ரத், இது துரோகம்தானே?" கிரிக்கெட் கேள்வியை ஓதும் இடத்தில் கேட்கலாமா என்று அதட்டி அனுப்பியிருக்கலாம். ஆனால் அவர்கள் கேட்டது கிரிக்கெட்டைப் பற்றி அன்று. ஒருவரிடம் நெடுங்காலம் உழைப்பைப் பெற்றவர்களுக்கு அவர்மீது என்ன கடமை என்பதே அக்கேள்வி. ஃபிக்ஹு நூல்களில் கூலி, ஒப்பந்தம் பற்றிய பாடங்கள் எத்தனை பக்கங்கள் விரிகின்றன என்பதை ஓதியவர்கள் அறிவார்கள்.

முதலில் துரோகம் என்ற சொல்லை நிறுத்துப் பார்ப்போம். ஐபிஎல் விதிகளின்படி வீரரின் சம்மதமின்றி அவரை வேறோர் அணிக்கு மாற்ற இயலாது. கலந்து பேசியே இம்முடிவு எடுக்கப்பட்டதாக அணியின் தலைமை நிர்வாகி காசி விசுவநாதனும் கூறினார். ஊதியம் பாக்கியில்லை, ஒப்பந்தம் மீறப்படவில்லை. 2025ஆம் ஆண்டு சென்னை அணி 14 ஆட்டங்களில் 4இல் மட்டுமே வென்று, தன் வரலாற்றில் முதன்முறையாகப் பட்டியலின் கடைசி இடத்தைப் பெற்றது. அந்த நிலையில் ஆட்களை மாற்றுவது நிர்வாகத்தின் உரிமை. சூரத்துல் மாயிதா ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு கட்டளையிட்டே தொடங்குகிறது. அக்கட்டளையின் அளவுகோலில் பார்த்தால் இங்கே குற்றம் எதுவும் இல்லை.

மேலும் ஒரு செய்தி. ஜடேஜா 2008இல் 19 வயது இளைஞராக ராஜஸ்தான் அணியில்தான் தொடங்கினார். ஷேன் வார்னேயின் தலைமையில் அந்த அணி முதல் கோப்பையையும் வென்றது. 2010இல், வேறோர் அணியுடன் பேரம் பேசினார் என்பதற்காக அவர் அந்தப் பருவம் முழுவதும் தடைசெய்யப்பட்டார். வீரர் பேசினால் தண்டனை, அணிகள் தமக்குள் பேசினால் அது வணிகம்! இந்த ஏற்றத்தாழ்வு விளையாட்டுலகில் மட்டும் இருப்பதன்று என்பதை வேலை பார்க்கும் எவரும் அறிவர்.

அப்படியானால் பிள்ளைகளின் மனம் ஏன் வலித்தது? அந்த வலியை நான் பொய்யென்று கூறமாட்டேன். 2023 மே 29 இரவு தொடங்கி நள்ளிரவைக் கடந்து அகமதாபாத்தில் நிகழ்ந்த இறுதியாட்டத்தில் கடைசி 2 பந்துகளில் 10 ஓட்டங்கள் தேவைப்பட்டன. மோஹித் சர்மாவின் பந்துகளை ஜடேஜா ஒரு சிக்சருக்கும் ஒரு பவுண்டரிக்கும் அனுப்பினார். தோனி அவரைத் தூக்கிக்கொண்டு நின்ற காட்சி இன்றும் கைப்பேசிகளில் சுற்றுகிறது. 2018, 2021, 2023 ஆகிய 3 கோப்பைகளிலும் அவர் பங்கு உண்டு. ஆனால் அதே 2023ஆம் ஆண்டில் சேப்பாக்கத்தின் கூட்டம் எப்படி நடந்துகொண்டது? ஜடேஜா ஆட வந்தால், அடுத்து வரவேண்டிய தோனிக்காக அவர் ஆட்டமிழக்கக் காத்திருந்தது, ஆட்டமிழந்தபோது ஆரவாரித்தது. தாம் மேல்வரிசையில் இறங்கினால் தாம் ஆட்டமிழப்பதற்கே இரசிகர்கள் காத்திருப்பார்கள் என்று அவரே ஒரு பேட்டியில் சிரித்துக்கொண்டு கூறினார். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. இன்று நிர்வாகத்தைத் துரோகி என்பவர்களில் எத்தனைபேர் அன்று கைதட்டியவர்கள்?

சுரேஷ் ரெய்னாவின் நிலை இதனினும் கடினமானது. சின்ன தல என்று இம்மாநிலம் கொண்டாடிய அவரை 2022 பிப்ரவரி ஏலத்தில் சென்னை உள்ளிட்ட எந்த அணியும் அடிப்படை விலையான 2 கோடிக்குக்கூட எடுக்கவில்லை. அவர் பெயர் வாசிக்கப்பட்டபோது அரங்கத்தில் எந்தக் கையும் உயரவில்லை. அவ்வாண்டு செப்டம்பரில் எல்லா வகைக் கிரிக்கெட்டிலிருந்தும் அவர் ஓய்வை அறிவித்தார். ஜடேஜாவுக்காவது வேறொரு வாசல் திறந்திருந்தது.

ஒவ்வொரு ஜும்ஆவிலும் குத்பாவின் இறுதியில் நாம் செவியுறும் ஒரு வசனம் உண்டு. அதில் அல்லாஹ் நீதியை ஏவுகிறான். அதோடு நின்றுவிடாமல் இஹ்ஸானையும் ஏவுகிறான். அத்ல் என்பது கொடுக்கவேண்டியதைக் குறையாமல் கொடுப்பது. இஹ்ஸான் என்பது, கேட்க உரிமையில்லாத இடத்திலும் அழகாக நடந்துகொள்வது. கணக்கு முடித்து அனுப்புவது அத்ல். எப்படி அனுப்புகிறோம் என்பதில்தான் இஹ்ஸான் இருக்கிறது. பிள்ளைகளிடம் நான் கூறியதும் இதுவே: துரோகம் நடக்கவில்லை, ஆனால் துரோகம் இல்லை என்பது மட்டும் ஒரு முஸ்லிமுக்குப் போதுமான அளவுகோல் அன்று.

இதற்கு நம் வரலாற்றில் காலித் பின் வலீத் (ரலி) அவர்களின் நிகழ்வைவிடத் தெளிவான சான்று இல்லை. தோல்வியறியாத தளபதி. உமர் (ரலி) கலீஃபாவானதும் சிரியப் படையின் தலைமையிலிருந்து அவரை நீக்கி அபூஉபைதா (ரலி) அவர்களை நியமித்தார்கள். அக்கடிதம் கிடைத்தபோது போர் நடந்துகொண்டிருந்ததால், அது முடியும்வரை அபூஉபைதா அச்செய்தியை வெளியிடாமல் வைத்திருந்தார்கள் என வரலாற்றாசிரியர்கள் சிலர் எழுதுகின்றனர். பதவியைப் பெறுபவர், அதை இழப்பவரின் கண்ணியத்தைக் காத்த விதம் அது. சில ஆண்டுகளுக்குப் பின் காலித் முழுமையாகவே பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டார். அப்போது உமர் செய்ததைக் கவனிக்க வேண்டும். கோபத்தாலோ மோசடியாலோ இவரை நீக்கவில்லை. மக்கள் வெற்றியை அல்லாஹ்விடமிருந்து அன்றி இவரிடமிருந்து எதிர்பார்க்கத் தொடங்கியதே காரணம் என்று மாகாணங்களுக்கெல்லாம் எழுதி அனுப்பினார்கள். நீக்கினார்கள், ஆனால் அவர் பெயரில் கறை படிய விடவில்லை. காலிதும் தலைமை போன பிறகு தனிப்படை திரட்டவில்லை. அபூஉபைதாவின் கீழ் ஒரு வீரராகத் தொடர்ந்து பணியாற்றினார்கள்.

இந்நிகழ்வில் இரசிகர்களுக்கும் பாடம் உண்டு. தனிமனிதர் மீது அளவு கடந்த பற்று ஒரு சமூகத்தின் பார்வையை மறைக்கும் என்று உமர் அஞ்சினார்கள். 44 வயதான தோனி நீடிக்க, 37 வயதை எட்டும் ஜடேஜா செல்கிறார் என்றால், அதில் கணக்கைவிடப் பற்றுக்கே பங்கு அதிகம் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

கூடைப்பந்து உலகில் நம் பிள்ளைகள் அறியவேண்டிய பெயர் ஒன்றுண்டு: ஹக்கீம் ஒலாஜுவான். நைஜீரியாவின் லாகோஸில் பிறந்து, 1984 முதல் 17 பருவங்கள் அமெரிக்காவின் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணிக்கு ஆடியவர். 1994, 1995 ஆகிய ஆண்டுகளில் அந்நகருக்குக் கோப்பைகளைப் பெற்றுத் தந்தார். ரமலான் நோன்புடனே ஆடுகளத்தில் இறங்குவார். 1995 பிப்ரவரியில் நோன்பு வைத்துக்கொண்டே அம்மாதத்தின் சிறந்த வீரராகத் தேர்வு பெற்றார். அவரும் 2001இல் தமது 38ஆம் வயதில் கனடாவின் டொராண்டோ அணிக்குச் சென்றார். ஒரு பருவம் ஆடினார், உடல் ஒத்துழைக்கவில்லை, ஓய்வு பெற்றார். ஹூஸ்டனோ, பிரிந்து சென்றவர்தானே என்று அவரை ஒதுக்கவில்லை. அவர் அணிந்த 34ஆம் எண்ணை இனி எவரும் அணியலாகாதென்று 2002இல் ஓய்வு கொடுத்தது. பிரிவு வணிகமாகவே நடந்தது. பிரிவுக்குப் பின் நடந்தது வணிகம் அன்று.

இவ்வளவும் ஆட்டக்காரர்களின் கதை. 14 கோடி பெறுபவருக்காக மத்ரஸா ஆசிரியன் ஏன் கவலைப்பட வேண்டும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஜடேஜாவுக்காக எவரும் இரங்க வேண்டியதில்லை. என் கவலை வேறிடத்தில் இருக்கிறது.

நம் மஹல்லாக்களில் 25 வயதில் வந்து சேர்ந்த இமாம் 30 ஆண்டுகள் தொழ வைக்கிறார். அவர் பெயர் வைத்த குழந்தை வளர்ந்து, அவரே நிக்காஹ் ஓதி வைத்து, அதன் பிள்ளைக்கும் அவரே அலிஃப், பா கற்றுத் தருகிறார். ஒருநாள் குரல் தளர்கிறது. தராவீஹில் நீண்டநேரம் நிற்க முழங்கால் மறுக்கிறது. நல்ல கிராஅத்துடன் இளைஞர் ஒருவர் வேண்டும் என்று நிர்வாகக் கூட்டத்தில் முடிவாகிறது. அந்த முடிவு தவறன்று. தொழுகைக்குத் தெளிவான ஓதல் தேவை. ஆனால் அதன்பின் நடப்பது என்ன? எங்கள் வட்டாரத்தில் ஓர் ஊரில் கண்டதைக் கூறுகிறேன். ஊரின் பெயர் வேண்டாம். இஷாவுக்குப் பின் செய்தி சொல்லப்பட்டது. ஒரு மாதச் சம்பளம் உறையில் வைத்துக் கொடுக்கப்பட்டது. பள்ளிவாசலை ஒட்டிய வீட்டைப் பதினைந்து நாட்களில் காலி செய்யவேண்டும் என்றார்கள். அவருடைய மகள் அப்போது பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். வருங்கால வைப்புநிதி கிடையாது. பணிக்கொடை என்ற சொல்லையே அவர் கேட்டதில்லை. அந்த வாரத்து ஜும்ஆவில் அவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசப்படவில்லை. இதே ஜமாஅத்தின் இளைஞர்கள்தாம் ரெய்னாவுக்காக முகநூலில் பக்கம் பக்கமாக எழுதியவர்கள்.

எங்கள் ஊரில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குடைவரை இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இன்றி அதைச் செய்வித்ததாக அவன் கல்லில் பொறித்திருக்கிறான். உளி பிடித்தவர்கள் எவருடைய பெயரும் அதில் இல்லை. பள்ளிவாசல் சுவரில் பளிங்குக்கல் பதிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைவு வரும். கட்டக் கொடை தந்தவர்கள் பெயர் இருக்கும். முப்பது ஆண்டுகள் பாங்கு சொன்னவர் பெயர் இருக்காது.

உமர் (ரலி) ஒருநாள் வாசலில் யாசித்துக்கொண்டிருந்த பார்வையிழந்த யூத முதியவரைக் கண்டார்கள். வீட்டுக்கு அழைத்துச் சென்று கொடுத்து, பின் பொதுநிதிக் காப்பாளரிடம் அனுப்பி, இளமையில் இவரிடம் வரி பெற்றுவிட்டு முதுமையில் கைவிடுவது நீதியாகாது என்று உணர்த்தினார்கள். இமாம் அபூயூசுஃப் தமது கிதாபுல் கராஜில் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். இஹ்ஸானுக்கு உரியது என்று நாம் எண்ணுவதை உமர் நீதியின் கணக்கிலேயே சேர்த்துவிட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். சமய வேறுபாட்டைக் கடந்து ஒரு முதியவருக்குக் கிட்டியது, எவர் பின்னால் நின்று நாம் தொழுதோமோ அந்த இமாமுக்குக் கிட்டவில்லையென்றால், அல்லாஹ்வின் முன் என்ன பதில் கூறுவோம்?

பெரிய வக்ஃபு சொத்துள்ள பள்ளிகளால்தான் இது முடியும் என்பது பொருந்தாத சமாதானம். ஜும்ஆ உண்டியலிலிருந்து மாதந்தோறும் ஒரு சிறு பங்கை இமாம், முஅத்தின், உஸ்தாத் ஆகியோர் பெயரில் தனிக் கணக்கில் போட்டுவரச் சிற்றூர் ஜமாஅத்தாலும் இயலும். மாற்றம் வேண்டுமென்றால் ஆறு மாதங்களுக்கு முன் முகம் பார்த்துச் சொல்லலாம். பிள்ளைகளின் பள்ளியாண்டு முடியும்வரை வீட்டை விட்டுவைக்கலாம். குரல் தளர்ந்தவருக்கு மக்தபில் ஒரு வேளைப் பாடம் கொடுக்கலாம். தளர்ந்தது குரல்தான், கல்வி அன்று. அரசிடம் உலமாக்கள் மற்றும் பணியாளர்கள் நல வாரியம் இருக்கிறது. வக்ஃபு வாரியத்தின் வழியே உலமாக்களுக்கு ஓய்வூதியமும் உண்டு. இவற்றில் பதிவு செய்யாமலே முதுமையடைந்தவர்கள் எத்தனையோ பேர்.

மத்ரஸாக்களின் கல்வியாண்டு ஷஃபானில் முடிந்து ஷவ்வாலில் தொடங்குவதால், ஆசிரியர் மாற்றங்களும் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் நடக்கின்றன. வரும் ஷஃபான் கூட்டத்தில் யாரை எடுப்பது என்று பேசுமுன், செல்பவருக்கு என்ன செய்வது என்பதை முதலில் பேசுங்கள். குறைந்தபட்சம் இத்தனை ஆண்டுகள் இப்பள்ளியில் பணியாற்றினார் என்ற சான்றையாவது, அவர் கேட்டு அலையும் முன்பே, முத்திரையிட்டு அவர் கையில் கொடுங்கள்.