ஊசி முனையில் புதிய ஈரலா?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (விலங்கியல்)

நம் உடலின் உள்ளுறுப்புகளில் மிகப் பெரியது கல்லீரல். வளர்ந்த மனிதரிடம் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ள இவ்வுறுப்பு, உணவின் சத்தைப் பக்குவப்படுத்துவது, நஞ்சை முறிப்பது, பித்தநீரைச் சுரப்பது எனப் பல நூறு வேலைகளை ஓசையின்றிச் செய்து வருகிறது. வெட்டினாலும் வளரும் ஆற்றல் அதற்கு உண்டு. எலியின் கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை நீக்கினாலும் சில வாரங்களுக்குள் அது பழைய அளவை எட்டிவிடுவதை 1931-இல் ஹிக்கின்ஸ், ஆண்டர்சன் என்னும் இருவர் ஆய்ந்து காட்டினர்.

இத்தகைய உறுப்பைத்தான் இன்று கொழுப்பு மூடிக்கொண்டு வருகிறது. கல்லீரல் உயிரணுக்களில் நூற்றுக்கு ஐந்துக்கு மேற்பட்டவற்றில் கொழுப்புத் துளிகள் தேங்கினால் அதனைக் கொழுப்புக் கல்லீரல் என்கின்றனர். குடிப்பவர்க்கு மட்டுமே வரும் நோய் இது என்று பலரும் எண்ணுகின்றனர். தேநீரைத் தவிர வேறொன்றும் அறியாதவர்க்கும் இது வருகிறது. நம் நாட்டில் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2022-இல் வெளியான கட்டுரை ஒன்று, வளர்ந்தோரில் நூற்றுக்கு 38 பேருக்கு மேல் மதுவால் அல்லாத கொழுப்புக் கல்லீரல் இருப்பதாகக் கணக்கிட்டது. நடுவண் அரசும் 2021-இல், நீரிழிவு, புற்றுநோய், இதயநோய் ஆகியவற்றுக்கான தேசியத் திட்டத்தோடு இந்நோயையும் சேர்த்தது.

நோய் பெருகினால் அதற்குக் கடை விரிப்போரும் பெருகுவது உலக இயல்பு. "ஸ்டெம் செல் ஊசி போட்டால் புதிய ஈரல்" என்னும் பேச்சு இப்போது ஊர்களிலும் கேட்கிறது. இப்பேச்சில் அறிவியல் எவ்வளவு, வாணிபம் எவ்வளவு என்பதைப் பிரித்துக் காண்பது அறிவியல் மாணவர்களாகிய நம் கடமை என்பது என் கருத்து.

முதலில் அறிவியலுக்குரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். உயிரணுக்களையே மருந்தாகக் கொடுப்பது வெறும் கற்பனையன்று. எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சையால் இரத்தப் புற்றுநோயாளிகள் பிழைத்திருக்கின்றனர். அதற்கு வழி காட்டிய டோனல் தாமஸ் 1990-இல் நோபல் பரிசு பெற்றார். கல்லீரலுக்கும் அவ்வாறே முயல்கின்றனர். எலும்பு மச்சை, கொழுப்புத் திசு, தொப்புள்கொடி ஆகியவற்றிலிருந்து மூல உயிரணுக்களைப் பிரித்து, பெருக்கி, உடலில் செலுத்துகின்றனர். இவை பெரும்பாலும் புதிய ஈரல் உயிரணுக்களாக மாறுவதில்லை. சில பொருள்களைச் சுரந்து அழற்சியைத் தணிக்கின்றன. தழும்பு படர்வதைத் தடுக்க உதவுகின்றன. ஆகவே, "புதிய ஈரல் முளைக்கும்" என்னும் விளம்பரச் சொல் இங்கேயே பொய்யாகிவிடுகிறது.

மனிதரிடம் நடந்த சோதனைகள் என்ன சொல்கின்றன? பிரிட்டனில் சிரோசிஸ் நோயாளிகள் 81 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2018-இல் வெளிவந்தது. மச்சையிலிருந்து வரும் மூல உயிரணுக்களைப் பெற்றவர்களின் ஈரல், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களின் ஈரலைவிடத் தேறவில்லை. எடின்பரோவில் நோயாளியின் இரத்தத்திலிருந்தே விழுங்கணுக்களை உருவாக்கிச் செலுத்தினர். 2019-இல் ஒன்பது பேரிடம் அது தீங்கற்றது எனத் தெரிந்தது. ஏறத்தாழ ஐம்பது பேரிடம் நடந்த அடுத்த ஆய்வு 2025-இல் வெளியானது. ஈரலின் நிலையைக் காட்டும் மதிப்பெண்ணில் வேறுபாடு இல்லை. ஆனால் சிகிச்சை பெற்றவர்களிடம் ஈரல் சார்ந்த கடும் சிக்கல்கள் தோன்றவில்லை. நம்பிக்கை தரும் செய்திதான். ஆயினும் இவை அனைத்தும் நோய் முற்றி ஈரல் இறுகிப்போனவர்களுக்கான முயற்சிகள் என்பதை மறந்துவிடலாகாது.

என் தாய்மாமனுக்கு ஈரல் இறுகவில்லை. தேநீர்க் கடை வைத்திருக்கும் அவருக்கு ஸ்கேனில் முதல் நிலைக் கொழுப்பு என்று வந்தது. அரசு மருத்துவமனை மருத்துவர் எடையைக் குறைக்கவும், நாள்தோறும் நடக்கவும், இனிப்பைக் குறைக்கவும் சொல்லி அனுப்பினார். மாமாவுக்கோ பெருங்குறை. "ஒரு மாத்திரைகூட எழுதித் தரலியே!" என்றார். அந்த வாரமே யாரோ நகரத்துத் தனியார் நிலையம் ஒன்றின் துண்டறிக்கையைக் கொடுத்துவிட்டார்கள். ஊசிக்கான தொகையைப் பார்த்துவிட்டு வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கலாமா என்று வீட்டில் பேச்சு எழுந்தது. "காலேஜ் படிக்கிற பிள்ளை நீதான். இதைப் படிச்சுப் பார்த்துச் சொல்லு" என்று அந்தத் தாளை என்னிடம் நீட்டினார்.

நான் மாமாவிடம் சொன்னது இதுதான்: சாக்கடை கலக்கும் குளத்தில் பழைய மீன்கள் மயங்குகின்றன என்று புதிய மீன்களை வாங்கி விட்டால் என்ன ஆகும்? அவையும் மயங்கும். கொழுப்பு ஈரலில் குறைவது உயிரணுக்கள் அல்ல. உள்ள உயிரணுக்கள் சுமை தாங்காமல் தவிக்கின்றன. சர்க்கரையும் கொழுப்பும் மிகுந்த அதே இரத்தத்தில் புதியவற்றைச் செலுத்திப் பயன் என்ன? 2023-இல் உலக வல்லுநர்கள் இந்நோயின் பெயரையே மாற்றி, வளர்சிதை மாற்றக் கோளாற்றோடு அதனை இணைத்ததும் இக்காரணம் பற்றியே. உடல் எடையில் நூற்றுக்கு ஏழு முதல் பத்துப் பங்கு குறைந்தால் கொழுப்போடு அழற்சியும் தணிகிறது. எண்பது கிலோ உள்ள மாமாவுக்கு அது ஆறு முதல் எட்டுக் கிலோ. மருத்துவர் சும்மா அனுப்பவில்லை. இன்றுள்ளவற்றில் சிறந்த மருந்தையே கொடுத்தனுப்பினார். அது இலவசமாய் வந்ததால் மருந்தாகத் தோன்றவில்லை.

"நடப்பதும் குறைத்து உண்பதும் ஏழைக்கு எளிதா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விடியற்காலை நான்கு மணிக்கு அடுப்பு மூட்டி, இரவு பத்து மணிக்குப் பரோட்டா தின்று படுப்பவரிடம் உடற்பயிற்சி பேசுவது எளிது; செய்வது அரிது. நோய் தனிமனிதரின் குற்றமன்று. ஆனால் அரிதாக இருப்பதாலேயே, வீட்டை விற்று வாங்கும் ஊசி மெய்யாகிவிடாது. ஈரலில் தழும்பு விழத் தொடங்கியவர்களுக்கென அமெரிக்காவில் 2024-இல் ரெஸ்மெட்டிரோம், 2025-இல் செமாகுளுடைடு என இரு மருந்துகள் ஒப்புதல் பெற்றன. அவை இரண்டும் பல நூறு பேரிடம் சோதிக்கப்பட்டவை. இரண்டும் உயிரணுச் சிகிச்சை அல்ல.

நம் நாட்டின் 2017-ஆம் ஆண்டு ஸ்டெம் செல் ஆய்வு நெறிமுறைகள் தெளிவாகவே உள்ளன. இரத்த நோய்களுக்கான மச்சை மாற்று போன்றவை தவிர, மற்ற நோய்களுக்கு இச்சிகிச்சையை ஒப்புதல் பெற்ற ஆய்வுக்குள் மட்டுமே தரலாம். ஆகவே யார் ஊசியோடு வந்தாலும் மூன்று கேள்விகள் போதும். இது ஆய்வா, விற்பனையா? ஆய்வு என்றால் தேசியப் பதிவேட்டில் அதன் எண் என்ன? ஆய்வு என்றால் என்னிடம் ஏன் பணம் கேட்கிறீர்கள்?

நண்பர்களே! நம்மில் பலர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். வீட்டுக்கு வரும் பத்திரம், மருந்துச் சீட்டு, துண்டறிக்கை எல்லாம் நம் கைக்கே வருகின்றன. பாடநூலில் உயிரணுவின் படம் வரைந்து மதிப்பெண் பெறும் நாம், அந்த உயிரணுவின் பெயரால் நம் வீடு அடகுக்குப் போகாமல் காக்கவில்லையென்றால் அப்படிப்பால் யாருக்குப் பயன்? அடுத்த நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் மரம் நடுவதோடு, கொழுப்பு ஈரலைப் பற்றி ஒரு மாலை பேசுவோம். மேற்சொன்ன மூன்று கேள்விகளை ஊர் மக்களுக்குச் சொல்லிக் கொடுப்போம். பேராசிரியப் பெருமக்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஆய்வுக்கூடங்களில் உயிரணுக்கள் வளரட்டும். நாளை அவை ஈரலைக் காக்கும் காலமும் வரலாம். அந்நாள் வரும்போது அதற்கான சான்றும் உடன் வரும். அதுவரை மாமா காலையில் கடை திறக்குமுன் நடக்கட்டும்.