கூண்டு ஏறினால் போதுமா?

"துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது" - ஏடுகளில் இந்த வரியைப் படிக்கிறோம்; பக்கத்தைப் புரட்டுகிறோம். கூண்டை ஏற்றியவர், கடமை முடிந்தது என்று நாற்காலியில் சாய்கிறார். ஆனால் தோழர்களே, கூண்டு தொங்குவது கரையில். உயிர் ஊசலாடுவதோ கடலில்! ஐம்பது கல் தொலைவில் வலை வீசி நிற்கும் உழைப்பாளியின் கண்ணுக்கு அந்தக் கூண்டு தெரியுமா? கேட்கிறோம்.

கூண்டு பிறந்த கதையைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். 1859 அக்டோபரில், ஆஸ்திரேலியாவிலிருந்து பொன்னையும் பயணிகளையும் சுமந்து லிவர்ப்பூல் நோக்கி வந்த 'ராயல் சார்ட்டர்' என்னும் கப்பல், வேல்ஸ் கரையருகே புயலில் சிக்கி நொறுங்கியது. 450 பேருக்கு மேல் மாண்டனர். டார்வினைச் சுமந்து உலகைச் சுற்றிய 'பீகிள்' கப்பலின் தலைவராக இருந்த ஃபிட்ஸ்ராய், அழுததோடு நிற்கவில்லை, கணக்குப் போட்டார். கரையெங்கும் காற்றை அளக்கச் செய்து, செய்தியைத் தந்தியில் வாங்கி, 1861 பிப்ரவரி முதல் துறைமுகங்களில் எச்சரிக்கைக் கூண்டுகளை ஏற்றச் செய்தார். ஏழை மீனவர் ஊர்களுக்குக் காற்றழுத்தமானிகளும் தந்தார்.

1865-ல் அவர் மறைந்தார். மேதைகள் குழு ஒன்று கூடியது. 'இது விஞ்ஞானமாகாது' என்று தீர்ப்பளித்தது. 1866 இறுதியில் கூண்டு இறங்கியது. கடலோடிகள் வாய்மூடிக் கிடந்தார்களா? இல்லை! எங்கள் கூண்டு எங்கே என்று கேட்டார்கள். அடுத்த ஆண்டே கூண்டு மீண்டும் ஏறியது. எச்சரிக்கை என்பது மேலிருந்து அருளப்பட்ட வரமன்று. கீழிருந்து கேட்டுப் பெற்ற உரிமை!

இன்று அறிவு நெடுந்தொலைவு வளர்ந்துவிட்டது. ஐதராபாத்தில் 1999-ல் அமைந்த இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், மிதவைகளும் செயற்கைக் கோள்களும் தரும் செய்தியைக் கொண்டு, அலை எத்தனை மீட்டர் எழும், காற்று எத்திசை வீசும், நீரோட்டம் எப்படி ஓடும் என்று நாள்தோறும் கணித்துச் சொல்கிறது. மீன் கூடும் இடத்தைக்கூடச் சொல்கிறது. பாராட்டுகிறோம்!

நம் மீனவனுக்கு அறிவில்லையா என்று கேட்பார் சிலர். உண்டு. கச்சான், கொண்டல், வாடை, சோழகம் என்று காற்றுக்கெல்லாம் பெயரிட்டவன் அவன். ஆனால் கள்ளக்கடல் என்று ஒன்று உண்டு. தென்கோடி இந்துமாக்கடலில், பல ஆயிரம் கல்லுக்கு அப்பால் எழும் சூறாவளி, அலைகளை இங்கே அனுப்பிவைக்கிறது. நம் கரையில் காற்றில்லை, மேகமில்லை. திருடன்போல் அலை மட்டும் வருகிறது. அனுபவக் கண்ணுக்கு அது எட்டாது. ஆனால் அலை வந்து சேரச் சில நாள்கள் ஆகும். ஆகவே முன்கூட்டியே கணக்கிடலாம். கடலன்னையின் கோபம் என்று கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை!

2024 மே தொடக்கத்தில் அப்படித்தான் கணித்தார்கள், அறிவித்தார்கள். ஆயினும் மே 6 அன்று, கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் மருத்துவ மாணவர் ஐவரை அலை வாரிச் சென்றது. அறிவிப்புக்கும் மனிதனின் காலடிக்கும் இடையே கிடக்கும் அந்தப் பள்ளத்தைத்தான் நாம் சுட்டிக்காட்டுகிறோம்.

கரையிலேயே இப்படியென்றால், ஆழ்கடலில்? ஒக்கியை மறக்க முடியுமா? 2017 நவம்பர் 30 நண்பகலில்தான் அது புயல் என அறிவிக்கப்பட்டது. குமரி மாவட்டத்து ஆழ்கடல் மீனவர்களோ பல நாள்களுக்கு முன்பே புறப்பட்டுப் போனவர்கள். கைப்பேசி, கரையைவிட்டுச் சில கல் போனதும் ஊமையாகிவிடும். குமரியிலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கானோர் திரும்பவே இல்லை. தாய்மார்கள் கரையில் நின்று கதறிய கதறல் இன்னும் நம் காதைவிட்டுப் போகவில்லை.

அதே கடலில் செல்லும் வணிகக் கப்பலைப் பாருங்கள். பன்னாட்டுப் பயணம் செய்யும் 300 டன்னுக்குக் குறையாத சரக்குக் கப்பல் எதுவாயினும், எச்சரிக்கையைத் தானே வாங்கும் கருவி இருந்தே தீரவேண்டும் என்கிறது உலகச் சட்டம். மீன்பிடிப் படகுக்கு அந்தச் சட்டம் இல்லை. சரக்குக்குச் சட்டம் உண்டு. சதைக்கும் இரத்தத்துக்கும் இல்லையா?

2019-ல் 'ஜெமினி' என்ற கருவி வந்தது. செய்தி கேட்கலாம், 'காப்பாற்றுங்கள்' என்று திருப்பிச் சொல்ல வழியில்லை. 2024-ல், ஒரு இலட்சம் கலங்களுக்கு இருவழிச் செய்திக் கருவி தரும் திட்டம் தொடங்கப்பட்டது. வரவேற்கிறோம். ஆனால் அது விசைப்படகுக்கும் இயந்திரப் படகுக்கும். துடுப்பையே நம்பிப் போகும் கட்டுமரத்தான் உயிர் மட்டும் மலிவா?

இன்னொன்று. 'அலை உயரம் 3 மீட்டர்' என்று அறிக்கை சொன்னால், எல்லா அலையும் 3 மீட்டர் என்று பொருளன்று. அலைகளில் மிக உயர்ந்த மூன்றில் ஒரு பங்கின் சராசரி அது; தனி அலையொன்று அதைப்போல் இருமடங்கும் எழலாம். இதை மீனவக் குப்பத்தில் யார் விளக்கினார்கள்? கடலுக்குப் போகாதே என்று சொன்னால், அன்றைய அடுப்பு எரிய வழி என்ன என்று யார் கேட்டார்கள்? எச்சரிக்கை நாளுக்குப் படி வழங்காமல் எச்சரிப்பது, பசியா புயலா, ஒன்றைத் தேர்ந்துகொள் என்பதாகும்!

ஆட்சியாளரிடம் இவற்றைக் கேட்போம். கேட்டுக்கொண்டே நம் கடமையையும் செய்வோம். கடலோரக் கிளை ஒவ்வொன்றும் படிப்பக வாசலில் ஒரு கரும்பலகை நடட்டும். அதில் நாள்தோறும் மாலையில், மறுநாளைய அலையும் காற்றும் நல்ல தமிழில் எழுதப்படட்டும். எழுத்தறியாதார்க்கு ஒரு தோழர் படித்துச் சொல்லட்டும். ஒரு துண்டுச் சுண்ணக்கட்டி போதும். ஓர் உயிர் மிஞ்சும்.

கூண்டு கரையில் ஏறினால் போதாது. அந்தச் செய்தி படகில் ஏறவேண்டும். ஏறும்வரை கேட்போம்!