உனக்கென்ன குறை?

“உனக்கென்ன குறை?”

இந்தக் கேள்வியை ஒருமுறையேனும் கேட்காத தமிழர் இரார். கேட்கப்படாத மாணவரும் இரார். உதவித்தொகை வருகிறது. உண்ண உணவு இருக்கிறது. உறங்க விடுதியில் ஓர் அறை இருக்கிறது. ஊரிலே பெற்றோர் நலம். அப்படியிருக்க, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பானேன்? நாம் அன்பினால்தான் கேட்கிறோம். ஆறுதலாக எண்ணித்தான் கேட்கிறோம். ஆயினும் அந்தக் கேள்வியை இனி நாம் ஒருவரிடமும் கேட்கலாகாது என்பது என் கருத்து. அக்கருத்துக்கு என்னைக் கொண்டுவந்து சேர்த்தது ஓர் ஆங்கில நாவல். அதைப் பற்றிப் பேசுமுன் ஒரு நண்பரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருடைய இசைவு பெற்றே சொல்லுகிறேன்.

நெல்லைச் சீமையிலிருந்து தில்லிக்கு வந்தவர் அவர். நானும் அவரும் ஒரே ஆண்டில், ஒரே ரயிலில் வந்து இறங்கினோம். முதல் ஆண்டில் தம் துறையிலேயே முதல் மாணவர். நம் சங்கத்துப் பொங்கல் விழாப் பட்டிமன்றத்தில் பேசி, நடுவரையே வாய்விட்டுச் சிரிக்க வைத்தவர். இரண்டாம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவர் வகுப்புக்கு வருவது குறைந்தது. பிறகு சாப்பாட்டுக்கு வருவதும் குறைந்தது. ஒரே சட்டையை நாள்கணக்கில் போட்டுக்கொண்டிருந்தார். கேட்டால், “ஒண்ணுமில்லை, தூக்கந்தான் வரல்லை” என்பார். தில்லிக் குளிருக்கு அஞ்சிக் குளிக்காமல் இருக்கிறார் என்று நாங்கள் நகைத்தோம்.

ஒருநாள் இரவு அவர் அறைக்குச் சென்றேன். விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தார். “உனக்கென்ன குறை? உன் மார்க்கில் பாதி கிடைக்காதா என்று நாங்கள் ஏங்குகிறோம். எழுந்து குளித்துவிட்டு வா, எல்லாம் சரியாய்ப் போகும்” என்றேன். அவர் என்னைப் பார்த்துச் சற்றே சிரித்தார். “சரி” என்றார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதையுமே சொல்லவில்லை. பத்து நாளில் அவருடைய அண்ணன் வந்து ஊருக்கு அழைத்துப் போய்விட்டார்.

அவர் மேசைமேல் இருந்த நூலகப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அவற்றுள் ஒன்று ஸில்வியா பிளாத் எழுதிய ‘தி பெல் ஜார்’. புத்தகத்தின் நடுவே ஒரு பஸ் டிக்கெட் அடையாளமாகச் செருகப்பட்டிருந்தது. புத்தகத்தை நான் உடனே திருப்பிக் கொடுக்கவில்லை.

பெல் ஜார் என்பது மணி வடிவக் கண்ணாடிச் சாடி. பள்ளிக்கூடத்தில் நாமெல்லாரும் அதைப் பார்த்திருக்கிறோம். அதனுள்ளே மின்மணியை வைத்து, காற்றை மெல்ல மெல்ல வெளியேற்றுவார் ஆசிரியர். மணியின் நாக்கு அடித்துக்கொண்டே இருப்பது கண்ணுக்குத் தெரியும்; ஓசை மட்டும் நமக்குக் கேட்காது. நாவலின் நாயகி எஸ்தர் கிரீன்வுட் தன் நிலைக்குச் சொல்லும் உவமை அந்தச் சாடிதான். உலகத்தின் எந்த மூலைக்குப் போனாலும், தான் ஒரு கண்ணாடிச் சாடிக்குள் அடைபட்டு, தன் மூச்சுக்காற்றே புளித்துப்போன காற்றில் உட்கார்ந்திருப்பதாக அவள் உணர்கிறாள். அவள் உள்ளிருந்து சொல்கிறாள். நான் வெளியே நின்று பார்த்தவன். நாக்கு அடித்ததைப் பார்த்தேன். ஓசை கேட்காததால் மணியே அடிக்கவில்லை என்று முடிவு கட்டிவிட்டேன்.

எஸ்தருக்கு என்ன குறை? பாஸ்டன் நகரின் புறத்தே பிறந்த பத்தொன்பது வயதுப் பெண். உதவித்தொகையில் படிப்பவள்; பரிசுக்குமேல் பரிசு பெற்றவள். 1953-ஆம் ஆண்டுக் கோடையில் ஒரு பெண்கள் பத்திரிகை நடத்திய போட்டியில் வென்று, நியூயார்க்கில் ஒரு மாதம் தங்கி வேலை பார்க்கிறாள். புத்தாடை, விருந்து, புகைப்படம் எதற்கும் குறைவில்லை. அங்கேதான் அவளுக்கு முதன்முதலாக ஒன்றிலும் மனம் ஒட்டாமல் போகிறது. வீடு திரும்பியதும், தான் சேர விரும்பிய எழுத்து வகுப்பில் இடம் கிடைக்கவில்லை என்ற செய்தி காத்திருக்கிறது. உறக்கம் போகிறது. படிக்க எடுத்தால் எழுத்துகள் நெளிகின்றன. எழுத உட்கார்ந்தால் கையெழுத்தே கோணுகிறது. மூன்று வாரமாகத் தலைக்குக் குளிக்கவில்லை. ஊரிலிருந்து போட்டுக்கொண்டு வந்த ஆடையையும் மாற்றவில்லை. இந்த இடத்துக்கு வந்ததும் நான் புத்தகத்தை மூடிவிட்டேன். அந்தச் சட்டையை நான் பார்த்திருக்கிறேன், பார்த்துச் சிரித்துமிருக்கிறேன்.

அவளை ஒரு மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறார்கள். மேசைமேல் தம் குடும்பப் படத்தை வைத்திருக்கும் அழகிய மனிதர் அவர். உனக்கு என்ன கோளாறு என்று நீ நினைக்கிறாய் என்ற பொருளில் ஒரு கேள்வி கேட்கிறார். உண்மையில் கோளாறு ஒன்றுமில்லை, நீயாக நினைத்துக்கொள்கிறாய் என்ற தொனி அதில் இருப்பதை அவள் உடனே கண்டுகொள்கிறாள். நாம் கேட்கும் ‘உனக்கென்ன குறை?’ என்பதற்கும் அதற்கும் என்ன வேறுபாடு? அவர் வெள்ளைக்காரர், நாம் தமிழர், அவ்வளவுதான்.

நிற்க. இது வெறும் கற்பனைக் கதை அன்று. 1932-இல் பிறந்த ஸில்வியா பிளாத், எட்டு வயதில் தந்தையை இழந்தவர். சுருக்கெழுத்துக் கற்பித்துப் பிள்ளைகளை ஆளாக்கினார் தாயார். ஸ்மித் கல்லூரியில் உதவித்தொகையில் படித்த பிளாத், 1953 ஜூனில் நியூயார்க்கின் ‘மாட்மஸெல்’ பத்திரிகையில் மாணவ ஆசிரியராக இருந்தார். அந்த ஆகஸ்டிலேயே உயிரை விட முயன்று, காப்பாற்றப்பட்டார். பத்தாண்டு கழித்து அந்த அனுபவத்தை நாவலாக்கியபோது, உள்ளே வரும் மனிதர்கள் மனம் புண்படக்கூடாது என்றெண்ணி, விக்டோரியா லூகஸ் என்ற புனைபெயரில் 1963 ஜனவரியில் லண்டனில் வெளியிட்டார். தாயாரின் எதிர்ப்பினால் அமெரிக்காவில் அது 1971-இல்தான் வெளிவந்தது.

அந்தத் தாயாரே 1975-இல் வேறொரு நூலை வெளியிட்டார். 1950 முதல் 1963 வரை மகள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களின் தொகுப்பு அது. அக்கடிதங்களில் பெரும்பாலும் வெயிலும் பரிசும் மகிழ்ச்சியும்தான். பின்னர் அச்சான நாட்குறிப்புகளைப் புரட்டினால், அதே ஆண்டுகளில், அதே கை, எவ்வளவு இருளை எழுதியிருக்கிறது என்பது தெரியும். இரண்டில் ஒன்று பொய் என்று நான் சொல்லமாட்டேன். விதவைத் தாய்க்கு மகள் அனுப்பக்கூடியது நல்ல செய்தி ஒன்றுதானே?

நண்பர்களே, நாம் மட்டும் என்ன செய்கிறோம்? நம் முன்னோர் கடிதத்தின் தலையில் ‘நலம், நலமறிய அவா’ என்று எழுதிவிட்டுத்தான் பிறவற்றைத் தொடங்கினார்கள். நாம் ஞாயிறுதோறும் கைபேசியில் அதையே சொல்லுகிறோம். “சாப்பிட்டியாப்பா?” “சாப்பிட்டேம்மா.” “குளிர் எப்படி?” “பழகிப் போச்சும்மா.” என் நண்பரும் கடைசி ஞாயிறுவரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த அறையிலிருந்து நான் கேட்டிருக்கிறேன். அன்று அவர் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை.

இந்த நாவலை நம் வாசகர் வட்டத்தில் பேச எடுத்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னபோது இரண்டு மறுப்புகள் வந்தன. இரண்டுக்கும் விடை சொல்வது என் கடமை.

“இது வயிறு நிறைந்த மேனாட்டாரின் நோய், நமக்கு எதற்கு?” என்றார் மூத்த அண்ணன் ஒருவர். பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய மனநல ஆய்வின்படி, இந்தியாவில் ஏறத்தாழ 20 பேரில் ஒருவர் மனச்சோர்வு நோய்க்கு ஆளாகிறார். மனநோய்களுக்கு உரிய சிகிச்சை கிடைக்காதவர்கள், நோய்க்கு நோய் வேறுபட்டு, நூற்றுக்கு 70 முதல் 92 பேர். ஆகவே நோய் இங்கேயும் இருக்கிறது, மருந்துதான் இல்லை. நம் கிழவிகள் ‘எதிலும் பிடிப்பில்லை’ என்றும் ‘மனசு செத்துப்போச்சு’ என்றும் சொன்னது வேறெதை? அதற்கு நாம் மந்திரித்தோம், கண்ணேறு கழித்தோம், கால்கட்டுப் போட்டால் சரியாகும் என்று கல்யாணம் செய்து வைத்தோம்.

“சோர்ந்திருப்பவன் இதைப் படித்தால் மேலும் சோர்வானே” என்பது இரண்டாவது மறுப்பு. இதில் உண்மை உண்டு, மறைக்கமாட்டேன். நோயில் இருப்பவர் நடுஇரவில் தனியே படிக்க வேண்டிய புத்தகம் இதுவன்று. நலமாக இருக்கும் நாம் முதலில் படிக்க வேண்டும். நாவலிலும் குறைகள் உண்டு. மருத்துவமனையில் உணவு கொண்டுவரும் கறுப்பின ஊழியரை எஸ்தர் நடத்தும் விதம் இன்று படிக்கக் கூசுகிறது. ஆசிரியரும் அதைக் கண்டித்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் தன்மேல் இரக்கம் தேடாமல், பல இடங்களில் நம்மைச் சிரிக்கவும் வைத்து, நோய் எப்படிப் படிப்படியாக வருகிறது என்பதை இவ்வளவு தெளிவாகச் சொன்ன நாவலை நான் வேறு படித்ததில்லை.

என் நண்பர் பஸ் டிக்கெட் வைத்திருந்த பக்கம், அந்த அழகிய மருத்துவர் எஸ்தருக்கு முறைகெட்ட வகையில் மின்னதிர்ச்சி கொடுக்கும் பகுதியை ஒட்டியது. அங்கே நிறுத்தியவருக்கு மருத்துவம் என்றாலே நடுக்கமாகத்தான் இருக்கும். ஆனால் அதற்குப் பிறகுதான் டாக்டர் நோலன் என்ற பெண் மருத்துவர் வருகிறார். அவர் எஸ்தர் சொல்வதைக் கேட்கிறார். எதையும் மறைப்பதில்லை என்று வாக்களிக்கிறார். சிகிச்சை நாளன்று கூடவே நடந்துவந்து, விழிக்கும்வரை இருக்கிறார். சாடி அவள் தலைக்குமேல் சில அடி உயர்ந்து தொங்குகிறது; காற்று உள்ளே வருகிறது. அதே மின்சாரம், அதே நோயாளி, மருத்துவர்தான் வேறு. இந்தியாவில் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மயக்கமருந்தும் தசைதளர்த்தும் மருந்தும் இன்றி அந்தச் சிகிச்சை தரக்கூடாதென்று தடுத்திருக்கிறது. உயிரை விட முயன்றவரைக் கடும் மன அழுத்தத்துக்கு ஆளானவராகவே கருதவேண்டும், தண்டிக்கலாகாது என்றும் அச்சட்டம் சொல்கிறது. 1953-இல் மனச்சோர்வுக்கென்று மாத்திரைகள் புழக்கத்துக்கு வரவில்லை. இன்று பல உண்டு.

இன்னொன்றையும் மறக்கலாகாது. எஸ்தர் நல்ல மருத்துவமனைக்குப் போனது, பணக்கார நாவலாசிரியை ஒருவர் செலவை ஏற்றதனால். பிளாத்துக்கும் அவ்வாறே ஆலிவ் ஹிக்கின்ஸ் புரௌட்டி என்ற எழுத்தாளர் உதவினார். அப்படி ஒரு சீமாட்டி வாய்க்காத எத்தனையோ எஸ்தர்கள் என்ன ஆனார்கள்? நல்ல மருத்துவம் நற்பேறாக இருக்கக்கூடாது. அது உரிமையாக வேண்டும்.

பிளாத் 1963 பிப்ரவரி 11-இல், முப்பதாம் வயதில், தாமே தம் வாழ்வை முடித்துக்கொண்டார். நாவல் வெளிவந்து ஒரு மாதமே ஆகியிருந்தது. “பார்த்தாயா, கடைசியில் என்ன ஆயிற்று?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நான் அவர்களைக் கேட்கிறேன்: இடையிலே இருந்த பத்தாண்டுகளை ஏன் மறந்தீர்கள்? 1953-இல் காப்பாற்றப்பட்ட பெண் கல்லூரிக்குத் திரும்பி 1955-இல் உயர் சிறப்புடன் பட்டம் பெற்றார். கேம்பிரிட்ஜில் படித்தார். இரண்டு குழந்தைகளைப் பெற்றார். பின்னாளில், 1982-இல் புலிட்ஸர் பரிசு பெற்ற கவிதைத் தொகுதியின் பெரும்பகுதியை எழுதினார். அத்தனையும் காப்பாற்றப்பட்ட பின்பு கிடைத்த நாட்கள். நோய் திரும்பி வரலாம் என்று எஸ்தரே நாவலின் முடிவில் அஞ்சுகிறாள். திரும்பி வரக்கூடிய நோய் என்றால், திரும்பத் திரும்பக் கவனிக்க வேண்டும் என்பதே நாம் கொள்ளவேண்டிய பாடம்.

நம் சங்கத்துக்கு மூன்று சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, ‘உனக்கென்ன குறை?’ என்பதை விட்டொழிப்போம். “ராத்திரி தூங்கினாயா? இன்று என்ன சாப்பிட்டாய்?” என்று கேட்போம். இவற்றுக்கு விடை சொல்ல முடியும்.

இரண்டாவது, மருத்துவரிடம் போ என்று அனுப்பாமல், கூடவே போவோம். ‘நெஞ்சில் பாரமாக இருக்கிறது’ என்பதை இந்தியிலும் ஆங்கிலத்திலும் சொல்லத் தெரியாமல் தவித்தவர்கள் நம்மிடையே உண்டு. துணைக்குச் செல்ல இரண்டு மூத்த மாணவர்களையும் இரண்டு மாணவிகளையும் சங்கம் ஒவ்வோர் ஆண்டும் பெயர் குறித்து வைக்கட்டும். 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். அந்த எண்ணை அறிவிப்புப் பலகையில் எழுதி வைப்போம்.

மூன்றாவது, வீட்டுக்குப் பேசும்போது ஒரு ஞாயிறாவது உண்மையைச் சொல்லிப் பழகுவோம். நம் அன்னையர் நாம் நினைப்பதைக் காட்டிலும் உறுதியானவர்கள்.

நழுவும் ஆடையைப் பற்றுவதற்குக் கை யாருடைய ஆணைக்கும் காத்திருப்பதில்லை. நட்புக்கு வள்ளுவர் காட்டிய உவமை அது. அன்றிரவு என் கை நீளவில்லை. என் நண்பர் ஓராண்டு ஊரில் சிகிச்சை பெற்று, சென்ற ஜூலையில் திரும்பி வந்துவிட்டார். மாத்திரை சாப்பிடுகிறார், வகுப்புக்கும் வருகிறார். அந்தப் புத்தகத்தை மீண்டும் எடுத்து வந்து, டிக்கெட் இருந்த இடத்திலிருந்து இருவரும் சேர்ந்து படித்தோம். டாக்டர் நோலன் வரும் இடத்தில் அவர் நிறுத்தி, “இவங்க முன்னாலேயே வந்திருக்கலாம்லா?” என்றார்.

வந்திருக்கலாம். நாமும்தான்.