கருவியைக் கழுவும் அந்த இருபது நிமிடம்

பி.காம். படிக்கிறவனுக்கும் தென்னைக்கு ஊசி போடும் கருவிக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். போன விடுமுறையில் பொள்ளாச்சிப் பக்கம் மாமா தோட்டத்தில் பார்த்த ஒரு காட்சிதான் காரணம்.

சிவப்புக் கூன்வண்டு தாக்கிய தென்னையில், தண்டில் உள்ள ஓட்டை வழியே பழுப்பு நிறச் சாறு வடியும். புழு உள்ளே இருந்து தின்பதால் வெளியே தெளித்துப் பயனில்லை. தண்டில் சாய்வாகத் துளை போட்டு மருந்தை உள்ளே செலுத்த வேண்டும். அதற்காக மாமா ஸ்பிரிங் வைத்த பெரிய சிரிஞ்ச் ஒன்று வாங்கி வைத்திருக்கிறார்.

அன்று மூன்றாவது மரத்திலேயே அது அடைத்துக்கொண்டது. முந்தைய முறை கழுவாமல் வைத்ததில் உள்ளே மருந்து காய்ந்து, ரப்பர் வளையம் உப்பிப் போயிருந்தது. வேலை செய்துகொண்டிருந்த அண்ணன் கொஞ்சமும் யோசிக்காமல் முனையை வாய்க்குக் கொண்டுபோனார். "ஊதுனாப் போயிரும் தம்பி" என்றார். நான் பதறிப்போய்க் கையைப் பிடித்துவிட்டேன்.

2017-ல் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்தவர்களில் 20 பேருக்கு மேல் விஷம் ஏறி இறந்தது நினைவிருக்கிறதா? வாயால் ஊதுவது சின்ன விஷயம் இல்லை.

சரி, கருவியை ஏன் யாரும் கழுவவில்லை? கேட்டுப் பார்த்தேன். கடைசி மரம் முடியும்போது இருட்டிவிட்டது, கூலியும் வாங்கியாகிவிட்டது. கழுவுவது யாருடைய வேலையும் இல்லை! சோம்பேறித்தனம் என்று மாமா சொன்னார். நான் அப்படி நினைக்கவில்லை. கூலிக் கணக்கில் இல்லாத வேலையை யார் செய்வார்கள்?

ஒரு நாள் கூலி 8 மணி நேரத்துக்கு 800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இருபது நிமிடத்துக்கு சுமார் 33 ரூபாய். இதை மிச்சம் பிடிக்கப்போய் எதை இழக்கிறோம்? முதலில் கருவி. அடுத்து மருந்து: வளையம் ஒழுகினால் நோட்டில் எழுதிய அளவு மரத்துக்குள் போயிருக்காது. மூன்றாவது, மரம். மா, வேம்பு போன்ற மரங்களில் காயத்தைச் சுற்றிப் புதுத் திசு வளர்ந்து மூடிவிடும். தென்னைக்கு அந்த வசதி கிடையாது. போட்ட துளை மரம் உள்ளவரை அப்படியே இருக்கும். அடைத்த கருவியால் ஒரு துளை வீணானால், அந்த நஷ்டத்தை எந்தத் தேய்மானக் கணக்கிலும் எழுத முடியாது.

அந்த இருபது நிமிடத்தில் செய்ய வேண்டியது அதிகம் இல்லை. கையுறை போட்டுக்கொண்டு, கருவிக்குள் சுத்தமான தண்ணீரை மூன்று முறை ஏற்றி வெளியேற்ற வேண்டும். பிறகு கழற்றிக் கழுவ வேண்டும். முனையில் சிக்கிய மரத்தூளை மெல்லிய கம்பியால் எடுக்கலாம், வாய் மட்டும் வேண்டாம். ரப்பர் வளையத்துக்கு சிலிகான் கிரீஸ் நல்லது. வண்டிக்குப் போடும் கிரீஸ் ரப்பரை உப்ப வைத்துவிடும். காய்ந்தபின் ஸ்பிரிங்கைத் தளர்த்தி, வெயில் படாத இடத்தில், குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைக்க வேண்டும். கழுவிய தண்ணீர் கிணற்றுக்கோ வாய்க்காலுக்கோ போகக்கூடாது. வீட்டு வாளியிலும் கழுவக்கூடாது.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி மோட்டார் ரூம் சுவரில் ஒட்டினேன். ஆனால் தாள் கழுவாது, ஆள்தான் கழுவ வேண்டும். அதனால் மாமாவிடம் நான் கேட்டது ஒன்றுதான்: கடைசி மரத்தை இருபது நிமிடம் முன்பே முடிக்கச் சொல்லுங்கள், அந்த நேரத்துக்கும் கூலி கொடுங்கள், கையுறையும் நீங்களே வாங்கிக் கொடுங்கள்.

"படிக்க அனுப்பினா எனக்கே கணக்கு சொல்றியா?" என்று சிரித்தார். அடுத்த நாள் ஒரு ஜோடி கையுறை வந்தது. கூலிக் கணக்கு இன்னும் மாறவில்லை. அடுத்த விடுமுறையில் மறுபடி கேட்பேன்.

உங்கள் வீட்டுத் தோட்டத்தில் இந்த இருபது நிமிடம் யார் கணக்கில் இருக்கிறது? ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.