பனிமலைக்குப் போகுமுன்...



நம்மில் பலருக்குப் பனி என்றால், விடியற்காலையில் பால்மரத்தடியில் நிற்கும்போது தலைத்துண்டை நனைக்கும் ஈரம்தான். ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையில் விழுவது வேறு. அங்கே குளிர்காலத்தில் மழைக்குப் பதில் வெண்பனி கொட்டும். உயரமான இடங்களில் மாதக்கணக்கில் இளகாமல் ஆளுயரத்துக்குக் குவிந்து கிடக்கும். அந்தச் சரிவில், காலுக்கொன்றாக நீண்ட பலகைகளைப் பூட்டிக்கொண்டு வழுக்கி இறங்குவதை ‘ஸ்கீ’ என்கிறார்கள். இரண்டு கால்களையும் ஒரே அகலப் பலகையில் குறுக்காகப் பூட்டி இறங்குவது ‘ஸ்நோபோர்டு’.

“இது பணக்காரர் விளையாட்டு ஆயிற்றே, நமக்கெதற்கு வாத்தியாரே?” என்று கேட்பீர்கள். தோட்டத்தில் பிறந்து படித்த பிள்ளைகள் பலர் இன்று கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் நல்ல வேலையில் இருக்கிறார்கள். “அம்மா அப்பாவையும் கூட்டிக்கொண்டு ஒரு தடவை பனிமலைக்குப் போய்வர வேண்டும்” என்ற பேச்சு இப்போது நம் வீடுகளிலும் கேட்கிறது. ஆசை நல்லதுதான். ஆனால் அதற்கு ஆகும் செலவு, ஒரு குடும்பம் பல ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். ஆழம் தெரியாமல் காலை விடலாமா? ஆகவே இந்த இதழில் அதைப் பற்றிப் பேசுவோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பயணத்தைக் குடும்பத்தில் ஆகத் துணிச்சலானவரை வைத்துத் திட்டமிடாதீர்கள்; ஆகத் தளர்ந்தவரை வைத்துத் திட்டமிடுங்கள். மற்ற எல்லாம் இதிலிருந்து தானே வரும்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதையே எடுத்துக்கொள்வோம். ஆஸ்திரியா நாட்டின் டிரோல் மாநிலத்தில் சாங்க்ட் அன்டோன் என்றோர் ஊர். ஸ்கீ உலகில் பெரிய பெயர். 1901-ஆம் ஆண்டிலேயே ஆர்ல்பெர்க் ஸ்கீ சங்கம் அந்த வட்டாரத்தில் பிறந்துவிட்டது. ஹான்னஸ் ஷ்னைடர் என்ற ஆசான், படிப்படியாகச் சறுக்கக் கற்றுக்கொடுக்கும் ‘ஆர்ல்பெர்க் முறை’யை வகுத்து, 1921-இல் அங்கே பள்ளி நடத்தத் தொடங்கினார். பெயரைக் கேட்டதும் அங்கேயே போய்விடலாம் என்று தோன்றும். ஆனால் அந்த ஊரின் சரிவுகளில் பெரும்பாலானவை செங்குத்தானவை, தேர்ந்தவர்களுக்கு ஏற்றவை. முதன்முதலாகப் பலகை பூட்டுகிறவருக்கு அங்கே இடம் குறைவு.

அதே மாநிலத்தில், சற்றுத் தெற்கே, செர்ஃபாவுஸ் என்றொரு சிற்றூர் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்குச் சற்று மேலே, வெயில் படும் மலைமேட்டில் உள்ளது. பக்கத்து ஊர்களான ஃபிஸ், லாடிஸ் இரண்டோடும் சேர்ந்து குடும்பங்களுக்கென்றே பெயர் வாங்கியது. பிள்ளைகள் விழுந்து எழுந்து பழகத் தனி மைதானம் உண்டு. ஊருக்குள் கார்களின் நெரிசலைக் குறைக்க 1985-இல் நிலத்தடி ரயில் ஒன்றை அமைத்தார்கள். நான்கே நிலையங்கள், காற்று மெத்தையின் மேல் மிதந்து செல்லும் வண்டி, கட்டணம் கிடையாது. முழங்கால் வலிக்கும் பாட்டியும் அதில் ஏறிக் கேபிள் கார் நிலையம் வரை போகலாம். குடும்பத்தோடு போகிறவர்கள் பெயரைப் பார்க்காமல் இப்படிப்பட்ட ஊரைப் பார்க்க வேண்டும்.

எப்போது போவது? பருவம் பொதுவாக டிசம்பரில் தொடங்கி ஏப்ரலில் முடியும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரங்களிலும், ஐரோப்பியப் பள்ளிகளுக்கு விடுமுறை விடும் பிப்ரவரியிலும் கூட்டமும் அதிகம், வாடகையும் அதிகம். ஜனவரி நடுப்பகுதி மலிவு. ஆனால் குளிர் கடுமை, மாலை ஐந்துக்கெல்லாம் இருட்டிவிடும். மார்ச்சு மாதம் நம்மவருக்கு ஏற்றது: பகல் நீளம், வெயில் இதம், மேல்சரிவுகளில் பனியும் இருக்கும். மழை பெய்தால் வெட்டு இல்லை, கூலி இல்லை என்பதை அறிந்தவர்கள் நாம். அங்கேயும் வானம் வைத்ததுதான் சட்டம். அண்மைக் காலமாகக் குளிர்காலங்கள் வெப்பமாகி வருவதால், தாழ்ந்த ஊர்களில் பனி ஏமாற்றிவிடுகிறது. எந்திரத்தால் பனி தூவுகிறார்கள். அதற்கும் குளிர் வேண்டும். எனவே உயரமான இடமாகப் பாருங்கள். செர்ஃபாவுசின் சரிவுகள் ஏறக்குறைய 2,800 மீட்டர் வரை போகின்றன.

போகும் வழி கடினமில்லை. சிங்கப்பூரிலிருந்து சூரிச்சுக்கு நேரடி விமானம் உண்டு. அங்கிருந்து லாண்டெக் நிலையத்துக்கு ரயிலில் மூன்று மணிக்குள் போய்விடலாம், பிறகு பேருந்து. மலேசிய, சிங்கப்பூர்க் கடப்பிதழ் உள்ளவர்கள் 180 நாள்களில் 90 நாள் வரை விசா இல்லாமல் தங்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் ‘எத்தியாஸ்’ என்ற முன்அனுமதி முறையைக் கொண்டுவர முடிவு செய்திருக்கிறது. அது நடப்புக்கு வந்துவிட்டதா என்பதை டிக்கெட் எடுக்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள். தங்குவதற்குச் சமையலறையுள்ள வீடு எடுத்தால் செலவு பாதியாகும். அவை பெரும்பாலும் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை என்று வாரக் கணக்கில்தான் கிடைக்கும். அரிசியும் பருப்பும் அங்குள்ள கடைகளிலும் வாங்கலாம். மிளகாய்த்தூளை மட்டும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

இனிப் பணத்துக்கு வருவோம். எங்கே குறைக்கலாம், எங்கே குறைக்கக் கூடாது என்று தெரிய வேண்டும். பலகை, காலணி, தலைக்கவசம் எதையும் விலைக்கு வாங்காதீர்கள். அங்கே வாடகைக்குக் கிடைக்கும். பெரிய இடங்களில் மலையேற்றும் வண்டிகளுக்கான முழு நாள் சீட்டு, பெரியவர் ஒருவருக்கு எழுபது யூரோவைத் தாண்டிவிடுகிறது. கற்றுக்கொள்கிறவருக்கு முதல் இரண்டு நாள் அது வீண். பழகுமிடத்துக்கு மட்டும் மலிவான சீட்டு உண்டா என்று கேளுங்கள்.

இரண்டு செலவில் மட்டும் கை வைக்காதீர்கள். ஒன்று, ஆசிரியர் கட்டணம். தெரிந்த பையன் ஒருவன் கற்றுத்தருவான் என்று போய்க் கையை ஒடித்துக்கொண்டவர்கள் உண்டு. ஸ்நோபோர்டு பழகுகிறவருக்கு முதல் இரண்டு நாள் விழுவதே வேலை. கையை ஊன்றி விழுவதால் மணிக்கட்டுக்கு ஆபத்து. ஸ்கீயில் முழங்காலுக்கு ஆபத்து. குறைந்தது மூன்று நாள் பாடம் வேண்டும். மற்றொன்று, காப்புறுதி. சாதாரணப் பயணக் காப்புறுதி பலவற்றில் பனிச்சறுக்கு சேராது. ‘குளிர்கால விளையாட்டு’ என்று எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். மலையிலிருந்து ஹெலிகாப்டரில் இறக்க நேர்ந்தால் சில ஆயிரம் யூரோ கேட்பார்கள். இத்தாலியில் பிறருக்கு ஏற்படுத்தும் சேதத்துக்கான காப்புறுதி இல்லாமல் சறுக்கக் கூடாது என்பது 2022 முதல் சட்டமாகவே இருக்கிறது.

கடன் வாங்கிப் போகாதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? மலை எங்கும் ஓடிவிடாது. இரண்டு வருடம் கழித்துப் போனாலும் அங்கேதான் நிற்கும். வட்டி மட்டும்தான் நிற்காமல் ஓடும்.

சறுக்காத பெற்றோரை விடுதி அறையில் உட்கார வைத்துவிட்டுப் பிள்ளைகள் மலைக்கு ஓடுவது என்ன நியாயம்? அவர்களுக்கும் திட்டத்தில் இடம் வேண்டும். நடந்து செல்வோருக்கென்றே பனியைச் சமன்செய்த பாதைகள் உண்டு. மேலே கேபிள் காரில் போய்ச் சூடாகத் தேநீர் குடித்துவிட்டு இறங்கலாம். பருத்தித் துணி நனைந்தால் குளிரேற்றும். உள்ளே கம்பளி, வெளியே காற்றுப் புகாத மேலங்கி என அடுக்கடுக்காக அணியுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் இன்சுலினை உறைய விடக் கூடாது. சட்டைக்குள், உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். இரத்த அழுத்தமும் இதய நோயும் உள்ளவர்கள் புறப்படுமுன் மருத்துவரைப் பாருங்கள்; அந்த நோய்களைக் காப்புறுதி விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள்.

சரிவுகளுக்கு நிறம் உண்டு. ஆஸ்திரியாவில் நீலம் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். பின்னால் வருகிறவர்தான் முன்னால் இருப்பவருக்கு இடம் விட்டுப் போக வேண்டும். நடுவழியில் நிற்காமல் ஓரத்தில் நிற்க வேண்டும். பனிச்சரிவு ஆபத்தை 1 முதல் 5 வரை எண்ணிட்டு நாள்தோறும் அறிவிப்பார்கள். கயிறு கட்டி மூடிய பாதைக்குள் ஒருபோதும் நுழையாதீர்கள். 1999 பிப்ரவரி 23-ஆம் நாள் அதே டிரோலில் கால்ட்யூர் என்ற ஊரின் மேல் பனிச்சரிவு விழுந்து 31 பேர் மாண்டார்கள். மலை தன் குணத்தை மாற்றிக்கொள்வதில்லை.

அந்த மலைவாசிகளைப் பற்றி ஒன்று சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. இன்று விடுதியும் வெளிச்சமுமாக இருக்கும் மேற்கு டிரோல், ஒரு காலத்தில் வறுமை பிடித்த நாடு. நிலம் போதாது, சோறு போதாது. ஒவ்வொரு வசந்தத்திலும் ஏழைக் குடியானவர்கள் தங்கள் சின்னஞ்சிறு பிள்ளைகளை மலைகடந்து நடக்க வைத்து, ஜெர்மனியின் ஸ்வாபிய நாட்டுக்குக் கூலிக்கு அனுப்பினார்கள். ராவென்ஸ்பூர்க் போன்ற ஊர்களில் சந்தை கூடும். அங்கே பண்ணைக்காரர்கள் பிள்ளைகளைப் பார்த்துப் பேசி அழைத்துப் போவார்கள். மாடு மேய்த்து, இலையுதிர் காலத்தில் ஒரு ஜோடி துணியும் சிறிது காசுமாக ஊர் திரும்புவார்கள். ‘ஸ்வாபியப் பிள்ளைகள்’ என்று அவர்களுக்குப் பெயர். 1921-இல் அந்த நாட்டின் கட்டாயக் கல்விச் சட்டம் வெளியூர்ப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டது. பிள்ளை பள்ளியில் உட்கார வேண்டும் என்றதும், அந்த வழக்கம் அடங்கிப்போனது.

ஆகவே, விடுதியில் உங்கள் தட்டை எடுக்கிற பெண்ணிடமும், வண்டி வாசலில் பனி தள்ளுகிற ஆளிடமும் அன்பாக ஒரு வணக்கம் சொல்லுங்கள். கூலி வேலையின் அருமை நமக்குத் தெரியாதா? அவர்களில் பலர் பருவத்துக்கு மட்டும் வேலைக்கு வந்தவர்கள்.

இனி, இன்றிரவே ஒரு காகிதத்தை எடுத்துக் குடும்பமாக உட்காருங்கள். யார் யார் போகிறோம், ஒவ்வொருவருக்கும் என்ன முடியும், என்ன முடியாது என்று முதலில் எழுதுங்கள். கையில் உள்ள பணத்தை அடுத்து எழுதுங்கள். ஊரின் பெயரைக் கடைசியாக எழுதுங்கள்.